உன் பெயரில் உள்ளே போனவர்

இந்தத் தாள் யார் கையில் கிடைத்தாலும் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக எங்கள் அப்பாவிடம் காட்டாதீர்கள். படிக்காமலே கிழித்துப் போட்டாலும் சரி. இது என் அக்காவுக்கு எழுதுவது. அவள் படிக்கப்போவதில்லை என்று எனக்கும் தெரியும்.

அக்கா,

இன்று சாயங்காலம் அம்மா என் கையில் ஈரத்துணியைக் கொடுத்து, "நாளிக்கு ஆபீசுலேந்து வந்து எடுத்துக்கினு போவாங்க. தூசியோட குடுத்தா இன்னா நெனைப்பாங்க, தொடச்சி வை" என்றாள். உன் கம்ப்யூட்டர்மேல் மூடியிருந்த பழைய தாவணியை எடுத்தேன். கீபோர்டைத் துடைக்கக் குனிந்தபோது தைல வாசனை அடித்தது. ஜுரத்தில் நெற்றியில் தேய்த்துக்கொண்டு அதே விரலோடு தட்டினாயே, அந்த வாசனை. எழுத்துகளின் இடுக்கில் இன்னும் இருக்கிறது. எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. துணியை மேசைக்கடியில் எறிந்துவிட்டு, துடைத்தாயிற்று என்று அம்மாவிடம் சொன்னேன்.

இப்போது எல்லோரும் தூங்கிவிட்டார்கள் என்று நினைக்கிறேன். உள் அறையைத் தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அண்ணன் தூக்கத்தில் புரண்டால்கூட இங்கே கேட்கிறது. பேனா ஓடுகிற சத்தம் அவனுக்குக் கேட்குமோ என்று பயமாக இருக்கிறது. ஆனால் எழுதாவிட்டால் நாளைக்கு என் வாய் கட்டிப்போய்விடும்.

நீ அந்தக் கம்பெனியில் சேர்ந்தது ஞாபகம் இருக்கிறதா? இந்திரா நகரில், சோபா விற்கிற கடைக்கு மேலே, மாடிப்படி ஏறினால் ஒரே ஒரு ஹால். டிப்ளமா படித்த நம் வீட்டுப் பெண், இன்ஜினியர்கள் நடுவே. அப்போது அங்கே ஒவ்வொரு மேசையிலும் ஒரு கம்ப்யூட்டர், ஒவ்வொன்றும் ஒரு தினுசு என்பாய். புதிதாக ஒருவர் வந்தால் அவருக்கு வேண்டியதையெல்லாம் அதில் ஏற்றி முடிப்பதற்குள் வாரம் போய்விடும். ஒருவர் எழுதிய புரோகிராம் அவர் மேசையில் ஓடும், பக்கத்து மேசையில் படுத்துக்கொள்ளும். கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில். "என் மெஷின்ல ஓடுதே." நீ வாயைக் கோணி அதைச் சொல்லிக் காட்டும்போது அம்மாகூடச் சிரிப்பாள், ஒன்றும் புரியாமலே.

நீதான் முதலாளி சாரை விடாமல் நச்சரித்து ஒரே ஒரு பெரிய மெஷின் வாங்க வைத்தாய். ஸ்டோர் ரூமில் கிடந்த உடைந்த நாற்காலிகளையெல்லாம் வெளியே போட்டு, ஏசி மாட்டி, அதை உள்ளே வைத்தாய். அதன்பிறகு எல்லோருடைய வேலையும் அதற்குள்ளேதான். ஒவ்வொருவருக்கும் அதில் ஓர் அறை, எல்லா அறையிலும் ஒரே மாதிரி சாமான்கள். மேசைமேல் இருந்த பழைய கம்ப்யூட்டர்கள் வெறும் ஜன்னல்கள் ஆகிவிட்டன. வெளிநாட்டில் எங்கேயோ இருக்கிற மெஷினில் இடம் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாமே என்று சார் கேட்டபோது, "நம்ம பொருளு நம்ம கண்ணு முன்னாடி இருக்கட்டும் சார்" என்று நீ சொன்னதை வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னாய். ஹெப்பகோடியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாரே ஹரீஷ், அவர் ஒரு நாள் பழக்க தோஷத்தில் என் மெஷினில் ஓடுதே என்று ஆரம்பித்தாராம். "உன் மெஷினு என் மெஷினுன்னு இனிமே ஒண்ணும் கெடையாதுப்பா" என்றாயாம். அன்று ராத்திரி சாப்பிடும்போது இதை நீ மூன்றாம் முறை சொன்னதும் அண்ணன் தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டான்.

பிறகு நம் வீட்டுக்கு போன் லைன் வந்தது. மர்பி டவுனில் நம் சந்தில் அதுதான் இரண்டாவது போன். கம்பெனி செலவில் கம்ப்யூட்டர், மோடம், எல்லாம். அந்த மோடம் லைன் பிடிக்க முதல் தடவை கத்தியபோது பக்கத்து வீட்டு ஆயா வந்து எட்டிப் பார்த்து, "இன்னாமா, பூனைய எதுனா மெதிச்சிட்டீங்களா?" என்று கேட்டாள். அம்மா சந்து முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். "எம்பொண்ணு வூட்லேந்தே ஆபீசு பாக்குது." நீ அந்த லைன் வழியாக ஆபீஸ் மெஷினுக்குள் நுழைந்து வேலை செய்யும்போது யாரும் ரிசீவரை எடுக்கக்கூடாது, எடுத்தால் லைன் அறுந்துவிடும். அதனால் போன்மேல் துண்டு போட்டிருந்தால் தொடக்கூடாது என்று வீட்டில் ஒரு சட்டம். அம்மா எப்படியும் மறந்துபோய் எடுப்பாள். நீ கத்தவே மாட்டாய். "போனா போவுது. நான் வுட்ட எடத்துலயே நிக்கும்" என்பாய். மறுபடி டயல் பண்ணி உள்ளே போனால் பாதி வரியில் விட்ட வார்த்தை அப்படியே உனக்காகக் காத்துக்கொண்டிருக்கும். எனக்கு அது அப்போது அதிசயமாக இருந்தது.

அதிசயம் இல்லை அக்கா. உன் ஆபீஸ் வீட்டுக்குள் வந்து குடியேறியது, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை நீ தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் செல்போன் அடித்தது. அதுவும் சார் கொடுத்த செல்போன். தீபாவளி அன்று எல்லோரும் வாசலில் வெடி வைத்துக்கொண்டிருந்தோம், நீ உள்ளே உட்கார்ந்து மெஷினில் யாரோ ஒருவருடைய அறையைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தாய். "அஞ்சு நிமிசம்மா, வந்துட்டேன்" என்றாய். அம்மா போட்ட பஜ்ஜி ஆறிப்போனது. உனக்கு அதில் ஒரு சந்தோஷம் இருந்தது, நான் பார்த்திருக்கிறேன். நீ இல்லாமல் ஒன்றும் நடக்காது என்கிற சந்தோஷம். அதைச் சார் நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்.

உனக்கு ஜுரம் வந்தபோது நீ லீவு கேட்டாய். அவர் சொன்ன பதில் எனக்கு வரி வரியாக ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் நீ போர்வைக்குள் சுருண்டு படுத்திருந்ததால் நான்தான் செல்போனை உன் காதில் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் குரல் எப்போதும் பெரிசு. "லீவு எதுக்கும்மா? நீதான் வீட்லயே இருக்கியே. படுத்துக்கிட்டே பண்ணலாமே. டேக் ரெஸ்ட், அப்படியே மெஷினையும் ஒரு கண்ணு பாத்துக்கோ." நீ போர்வையைப் போர்த்திக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தாய். நெற்றியில் தைலம். பல் ஈறில் ரத்தம் வருகிறது என்று நீ காலையிலேயே என்னிடம் சொன்னாய், அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றாய். அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அம்மா அண்ணனை ஆட்டோ கூட்டிவர அனுப்பினாள். அவன் போயிருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் சாரின் கடைசி போன் வந்தது.

மெஷினில் இடம் நிரம்பிவிட்டது, மறுநாள் வெளிநாட்டுக்காரர்களுக்கு ஓட்டிக் காட்ட வேண்டும், எல்லோரும் தற்காலிகமாக எதையாவது போட்டு வைக்கிற பொது இடத்தைக் காலி பண்ணு என்றார்.

"சார், வேணாம் சார். அங்க எல்லாரோட வேலையும் இருக்கு."

"பொது இடம்னா குப்பைதானேம்மா? டெம்பரரின்னு நீதானே சொன்னே?"

"நான் சொன்னேன் சார். அவங்க கேக்கல. அவங்க ரூம்ல எடம் பத்தலன்னு எல்லாரும் அங்கயேதான் எழுதறாங்க. ராத்திரி காப்பி எடுக்கற டேப்புல அது ஏறாது சார். போச்சின்னா போச்சி. நாளிக்கு வந்து ஒவ்வொருத்தரையா கேட்டு, எடுத்து வெச்சிட்டுக் காலி பண்றேன்."

"நாளைக்கு வந்து என்ன பண்ணுவே? காலைல அவன் உக்காந்து பாக்கப் போறான். உன் பாஸ்வேர்டைச் சொல்லு, நான் பாத்துக்கறேன்."

"வேணாம் சார்."

"யாரோட மெஷின்மா அது?"

நீ கண்ணை மூடிக்கொண்டாய். மற்றவர்களுடையதை அழிக்கிற அதிகாரம் உன் பெயருக்கு மட்டும்தான் இருந்தது. சாருக்கே அது கிடையாது, வேண்டவும் வேண்டாம் என்று நீ வைத்திருந்தாய். ஹரீஷ் ஒரு தடவை விளையாட்டுக்கு உன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்ததற்கு ஒரு வாரம் அவரோடு பேசாதவள் நீ. நான் பக்கத்தில் வந்தாலே கீபோர்டின்மேல் கையைக் குவித்து மறைப்பவள். அன்றைக்கு என் முன்னாலேயே ஒவ்வோர் எழுத்தாக அவருக்குச் சொன்னாய். கடைசி எழுத்துக்கு மூச்சு வாங்கியது.

ஆட்டோவில் அல்சூர் ஏரிப் பக்கம் டிராஃபிக்கில் நின்றபோது என் தோளில் சாய்ந்துகொண்டு ஒன்றே ஒன்று சொன்னாய். "கேக்காம தொடச்சிடுவாருடி." அதற்குப் பிறகு நீ மெஷினைப் பற்றிப் பேசவில்லை. ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைக்கும்வரை வராந்தா பெஞ்சில் என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாய். வராந்தாவில் விளக்கு போட்டார்கள், கொசு சுற்றியது, நான் ஓட்டிக்கொண்டே இருந்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பாக வருகிறது. கொசு கடித்து வந்த ஜுரத்துக்கு, கடித்து முடித்த பிறகு ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்த வாரம் முடிவதற்குள் நீ போய்விட்டாய்.

காரியம் முடிந்ததும் சார் வீட்டுக்கு வந்தார். ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார், அதையே அம்மா இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தாள். உன் போட்டோவுக்குப் பூ போட்டுவிட்டு அப்பாவிடம் சொன்னார். "பாவம், கடைசி நேரத்துல ஜுர வேகத்துல என்ன பண்றோம்னு தெரியாம எல்லாத்தையும் அழிச்சிட்டா. பசங்க வேலை பூரா போச்சு. கம்பெனிக்குப் பெரிய அடி. ஆனா நாங்க அதைப் பெரிசு பண்ணல."

அப்பா கையைக் கூப்பினார் அக்கா. "மன்னிச்சிடுங்க சார். கொழந்த தெரியாம பண்ணிடுச்சி" என்றார். உன் போட்டோவுக்கு முன்னால் நின்று. எம்.ஜி. ரோடு கட்டடத்தில் லிஃப்ட் ஆப்பரேட்டராக நின்று, ஏறுகிறவர்களிடம் எந்த மாடி சார் என்று கேட்கிற அதே குரலில். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உன் கையில் டிரிப்ஸ் ஊசி ஏறியது எந்த நேரம் என்றுகூட யாரும் கேட்கவில்லை. சார் போகும்போது அண்ணன் தோளில் கை வைத்து, "கூரியர் தூக்கினது போதும். நம்ம ஆபீஸ்ல வந்து சேர்ந்துக்கோ, நான் இருக்கேன்" என்றார். அம்மா அவர் காலில் விழப் போனாள்.

அவர் சொன்னதை நான்கூட அன்று பாதி நம்பினேன். ஆட்டோ வருவதற்குள், நான் உன் துணிமணியை எடுக்கப் போன நேரத்தில் நீயே ஏதாவது தட்டியிருப்பாயோ என்று. பிறகு ஒரு நாள் ஸ்கூல் விட்டு வரும்போது சந்து முனையில் ஹரீஷ் நின்றுகொண்டிருந்தார். வீட்டுக்குள் வரக் கூச்சம். "பேஜார் மாட்கோபேட தங்கி", வருத்தப்படாதே தங்கச்சி என்று கன்னடத்தில் ஆரம்பித்து, அழுது, தமிழுக்கு மாறினார். "மேடம் மாதிரி யாரும் கெடையாது. ஆனா கடைசில இப்டி பண்ட்டாங்களே. நான் எழுதினது எல்லாம் போச்சு."

"எப்ப போச்சு?" என்று கேட்டேன்.

"அன்னிக்கு சாயந்தரம். லைட் போட்ற டைம். நாங்க எல்லாரும் கீழ டீ குடிக்கப் போயிருந்தோம். மேல வந்து பாத்தா ஒண்ணும் இல்ல. மேடம் பேர்லதான் உள்ள வந்து அழிச்சிருக்கு. வீட்லேந்து பண்ணிருக்காங்கன்னு சார் சொன்னாரு."

"லைட் போட்ற டைம்ல அவ ஆஸ்பத்திரில இருந்தா."

"இல்ல தங்கி. ஆஸ்பத்திரிக்கு மறுநாள்தான் போனாங்கன்னு சார்..." என்றவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவர் மேலே கேட்பதற்குள் பின்னாலிருந்து அம்மா கூப்பிட்டாள். நான் ஓடிவிட்டேன்.

உன் பெயர் உள்ளே போயிருக்கிறது. நீ போகவில்லை. நீ வராந்தாவில் என் மடியில் இருந்தாய். மறுநாள் ஸ்கூல் முடிந்து நேராக அப்பாவின் கட்டடத்துக்குப் போனேன். வீட்டில் பேச இடம் இல்லை, அங்கே லிஃப்டில் அப்பாவும் நானும் மட்டும் தனியாக நிற்கலாம் என்று நினைத்தேன். சொல்ல ஆரம்பித்தால் இரண்டாம் மாடியில் யாரோ ஏறினார்கள். அப்பா, "எத்தினியாவது மாடி சார்?" என்றார். அவர்கள் இறங்கியதும் மறுபடி ஆரம்பித்தேன். மறுபடி ஒரு அம்மா, பை நிறைய சாமான். இப்படியே மேலும் கீழுமாகப் போய்க்கொண்டே துண்டு துண்டாக எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அப்பா பட்டனையே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே வந்து கதவைத் திறந்துவிட்டுச் சொன்னார்.

"எனக்குத் தெரியும்."

"இன்னா தெரியும்?"

"அவ ஆஸ்பத்திரில இருந்தப்ப எப்டி பண்ணுவா? எனக்கு அவ்ளோகூடவா தெரியாது? அந்தாளு சொல்லும்போதே தெரியும்."

"அப்ப எதுக்கு நீ மன்னிப்பு கேட்ட?"

"வாய மூடு. செத்தவளுக்குப் பேரு எதுக்கு? இருக்கறவன் நாலு காசு பாக்கணும். உங்கண்ணன் எத்தினி வருசம் வெயில்ல அலைவான்? இது வெளிய வந்துது, அவனுக்கு வேல இல்ல. அவங்கிட்டயும் சொல்லக்கூடாது. சொன்ன, தோல உரிச்சிடுவேன்."

அவர் நம்மை ஒரு நாளும் அடித்ததில்லை, உனக்குத் தெரியும். ஆனால் அன்று சொன்னபோது பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது. அதற்காக நான் அவர்மேல் இரக்கப்பட வேண்டுமா? படமாட்டேன். தெரியாமல் கும்பிட்டிருந்தால் மன்னித்திருப்பேன். தெரிந்தே கும்பிட்டார்.

நாளைக்குக் காலையில் சாரும் ஹரீஷும் வேனில் வருகிறார்கள். கம்ப்யூட்டரையும் மோடத்தையும் எடுத்துக்கொண்டு, அண்ணனையும் அதே வேனில் முதல் நாள் வேலைக்கு அழைத்துப் போகிறார்கள். என்னை நாளைக்கு விடியும்முன் அத்தை வீட்டுக்கு ஸ்ரீராம்புரம் அனுப்பிவிடுவதாக அப்பா அம்மாவிடம் சொல்வதைக் கேட்டேன். நான் வாயைத் திறந்துவிடுவேன் என்று பயம்.

உன்மேலும் எனக்குக் கோபம்தான். ஏன் சொன்னாய்? போனைக் கட் பண்ணியிருக்கலாம். மயக்கம் வந்ததாக நடித்திருக்கலாம். யாரோட மெஷின் அது என்று கேட்டதும் ஏன் கண்ணை மூடிக்கொண்டாய்? நீதான் நாற்காலிகளைத் தூக்கி வெளியே போட்டாய், நீதான் ஒவ்வோர் அறையாகக் கட்டினாய். உன்னுடையது என்று ஒரு தடவை சொல்லியிருக்கக் கூடாதா? இத்தனை பேருக்கு உள்ளே போக வழி செய்து கொடுத்தவள், உன்னைக் குற்றவாளி ஆக்குகிற வழியையும் உன் வாயாலேயே சொல்லிக் கொடுத்தாய்.

ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்தது அண்ணனால். சாப்பிட்ட பிறகு அவன் புதுச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். நான் முறைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, வேலை கிடைத்த பொறாமை என்று நினைத்து முதலில் சீண்டினான். "இன்னாடி மூஞ்சி? நீயும் வந்து எனக்கு டீ வாங்கிக் குடு, சேத்துக்கறேன்." நான் சிரிக்கவில்லை. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னான். "அவ பண்ண தப்புக்கு அங்க ஒவ்வொருத்தன் மூஞ்சியையும் நான்தான் பாக்கணும். பரவால்ல. ராவா பகலா ஒழைச்சி ஈடு கட்டிட்றேன். எங்கக்காவ யாரும் ஒண்ணும் சொல்லக்கூடாது."

அக்கா, நீ செய்யாத தப்புக்கு அவன் உழைத்து ஈடு கட்டப் போகிறான். யார் செய்தாரோ அவரிடமே. அவரைக் குனிந்து கும்பிட்டுக்கொண்டு. போன் அடித்தால் ஓடிக்கொண்டு. அவனுக்கும் ஒரு நாள் ஜுரம் வரும்.

அப்பா சொல்வதுபோல் உன் பெயர் உனக்கு வேண்டாமாக இருக்கலாம். அவனுக்கு அது வேண்டும். எனக்கும் வேண்டும். ஹரீஷுக்குக்கூட வேண்டும், இல்லாவிட்டால் அவர் சந்து முனையில் வந்து அழுதிருக்க மாட்டார். இவ்வளவு நாளாக, சாரின் முகத்துக்கு நேரே சொல்வதா, வேண்டாமா என்று மட்டுமே யோசித்துக்கொண்டிருந்தேன். அது தப்பு. அந்த வேனில் ஏறுவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவன் அண்ணன். அவனைக் கேட்காமல் அப்பா முடிவு செய்துவிட்டார். நானும் சொல்லாமல் இருந்தால் அவனைக் கேட்காமல் முடிவு செய்தவள் ஆவேன். தெரிந்துகொண்டே போகிறேன் என்று அவன் சொன்னால் சொல்லட்டும், என்னை வெறுத்தால் வெறுக்கட்டும். அந்தப் பெரிய குரலும், உன் மூச்சு வாங்கலும் என் காதில் மட்டும்தான் இருக்கின்றன. வேறு யாரிடமும் இல்லை. இதை வைத்துக்கொண்டு நான் ஸ்ரீராம்புரம் போய் அத்தை வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டு உட்கார

கதவைத் தட்டுகிறார்கள். அப்பாவாக இருந்தால்

இல்லை, அண்ணன். "ஏய், உள்ள இன்னா பண்ற? ஏன் தாப்பா போட்டுக்கினு இருக்க? தொற" என்கிறான். மெதுவாகத்தான் பேசுகிறான், அப்பா எழுந்துவிடக் கூடாது என்று. அக்கா, தாளை ஒளிக்கப் போவதில்லை, திறந்து அவன் கையிலேயே